சக்கரம் மேலே இருந்த படம்

டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்கு வேக இணையம் வந்த வருடம்தான் என் கணவர் கார் இடிக்கப் போகத் தொடங்கினார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவர் சொல்வார். எனக்கு இரண்டும் ஒன்றாக வந்ததால் பயமும் ஒன்றாகவே வந்தது. இன்றைக்கும் இரண்டையும் பிரித்து யோசிக்க எனக்கு வராது.

இணையத்தை முதலில் சொல்கிறேன். அதற்கு முன் எங்களிடம் இருந்தது கீச்சிட்டுக் கத்துகிற பழைய மோடம். அது ஓடும்போது தொலைபேசி எடுக்க முடியாது. தொலைபேசியில் கதைத்தால் அது ஓடாது. ஒரு பாதை, ஒரு ஆள். அது எனக்கு விளங்கியது. பிறகு ஒருவர் வந்து சுவரோரம் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பூட்டி, அதிலிருந்து தொலைபேசிக்கு ஒன்றும் புது மோடத்துக்கு ஒன்றுமாக வயர்களை இழுத்து, இனி இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி என்று கேட்க என் ஜெர்மன் போதாது. கேட்டிருந்தாலும் பதில் விளங்கியிருக்காது, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். ஒன்றை ஒன்று மறிக்கவில்லை என்றால் இரண்டுக்கும் வேறு வேறு வழி இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் புது மோடத்தில் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். வீட்டில் ஒருவரும் கணினியைத் தொடாத நேரத்திலும் எரியும். யாரோடு அது கதைக்கிறது என்று கேட்டால், “அது மூச்சு விடுது, விடும் அதை” என்பார் கணவர். மூச்சு விடுகிற ஒன்றைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல் பின்னல் துணி ஒன்றை எடுத்து அதன் மேல் போட்டேன். சூடேறி நின்றுவிட்டது. அதற்கும் பேச்சு வாங்கினேன்.

அவருக்கு வேலை, பழைய கார்களை உடைத்துப் பாகம் எடுக்கிற முற்றத்தில். அங்கே வேலை செய்த ஜெர்மன்காரர் சிலர், அறுவடை முடிந்த வயலில் நடக்கிற ஸ்டொக் கார் ஓட்டத்துக்குப் போகிறவர்கள். ஓட்டம் என்று பெயர்தான். உடைக்க வந்த கார் ஒன்றின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை உருக்கி ஒட்டி, உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூடு கட்டி, வெளியே பெரிதாக நம்பர் எழுதுவார்கள். வயலில் தண்ணீர் அடித்துச் சேறாக்குவார்கள். பிறகு அந்தச் சேற்றுக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சுற்றுவார்கள். அடுத்தவரின் காரைப் பிரட்டினால் அதிகப் புள்ளி. சனம் கைதட்டும்.

இதே நாட்டில்தான், கடை வாசலில் நின்ற ஒரு காரில் என் சாமான் வண்டி முட்டி நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்ததற்குப் பொலிஸ் வந்தது. வீதியில் கீறினால் குற்றம், வயலில் நசுக்கினால் கைதட்டல். இதை யாராவது எனக்கு விளங்கப்படுத்துவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் செய்யவில்லை.

“இஞ்சருங்கோ, இடிக்கிறதுக்கெண்டே ஒரு காரோ?”

“ஓம். இடிபடாட்டி அது என்ன ஓட்டம்?”

“உங்களுக்கு நோகாதோ?”

“பெல்ட் இருக்கு, ஹெல்மெட் இருக்கு. ரோட்டில போறதை விட அதுதான் பாதுகாப்பு.”

“அப்ப ரோட்டிலயும் ஹெல்மெட்டோட போங்கோ.”

“உம்மோட கதைக்க ஏலாது.”

அவர் முழுசாக வீடு திரும்ப வேண்டும். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு அப்போது பிள்ளைகள் இல்லை. இந்த ஊரில் எனக்கு அவர்தான் எல்லாம்.

அந்த முறை ஓட்டம் சனியும் ஞாயிறும் நடந்தது. சனிக்கிழமை பின்னேரம் காதுமடலில் சேறோடு வந்தார். “எப்பிடி?” என்றேன். “சும்மா இடிபட்டது” என்றார். புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டார். தொலைக்காட்சியைப் பார்க்கத் தலையைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பினார்.

“கழுத்துக்கு என்ன?”

“படுக்கை சரியில்லை.”

நான் தலையணையை மாற்றினேன்.

ஞாயிறு காலை புறப்படும்போது, “படங்கள் எல்லாம் கிளப்பின்ர பக்கத்தில போடுவினம், விருப்பமெண்டால் பாரும். பாரிசில தம்பிக்கும் சொல்லியிருக்கிறன்” என்றார். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டே போனார்.

அதுதான் பிழையாகப் போனது. வேக இணையத்திலும் அந்தப் பெரிய படங்கள் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகத்தான் வரும். முதலில் ஒரு கீற்று வானம். பிறகு இன்னொரு கீற்று வானம். அதற்குக் கீழே என்ன வரப்போகிறது என்று தெரியாமல் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மூடினேன். மூடியபின் இன்னும் மோசம். திறந்தேன். வானம். மூடினேன். பச்சை வெளிச்சம் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ வந்துவிட்டது, எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறது என்று தோன்றியது. கடைசியில் எழுந்து போய் வெள்ளைப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன். அந்தப் பச்சை வெளிச்சம் அணைந்தது. வீடு அமைதியானது.

தொலைபேசி மேசையில் தன் பாட்டில் இருந்தது. ஏதாவதென்றால் அதில் எடுப்பார்கள்தானே. அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. அடிக்காத ஒவ்வொரு நிமிடத்தையும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. அடுத்த தெருவில் கடை வைத்திருக்கிற அக்கா நின்றார். கையில் ஒரு பெரிய சட்டி. பின்னால் அவருடைய கணவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கறுப்புக் காற்சட்டையோடு இன்னொரு சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் கண் வீங்கியிருந்தது. சட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

எங்கள் ஆட்கள் அப்படியான செய்தியை வாயால் சொல்வதில்லை. வந்து பக்கத்தில் இருப்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் சமைத்துக்கொண்டு வருவார்கள். நான் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சோறு. மற்றதில் பருப்பும் கத்தரிக்காயும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் ஞாயிறு என்றால் பூசை முடிந்து ஆட்டிறைச்சி. சாவு வீட்டுக்கு மட்டும்தான் மரக்கறி. அந்தக் கத்தரிக்காயைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா செபமாலையை எடுத்தார். நானும் சேர்ந்து சொன்னேன். எவ்வளவு சொன்னோமோ தெரியாது.

“எங்க வைச்சிருக்கினம்?” என்று கேட்டேன்.

அக்கா செபத்தை நிறுத்திவிட்டு அண்ணையைப் பார்த்தார். “உமக்குத் தெரியாதே, பிள்ளை?”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“எங்களுக்கும் சொல்லேல்லை. உம்மட்டக் கேப்பம் எண்டுதானே வந்தனாங்கள்.”

“அப்ப செத்துப்போனார் எண்டு ஆர் சொன்னது?”

“கனடாவில இருக்கிற உங்கட சொந்தக்காரர் ஃபோன் எடுத்துச் சொன்னவை.”

“கனடாவுக்கு ஆர் சொன்னது?”

“பாரிசில இருக்கிற உம்மட மனுசன்ர தம்பி.” இப்போது அண்ணை கதைத்தார். “அவர் இன்ரநெற்றில படம் பாத்தவராம். உம்மட மனுசன்ர கார் தலைகீழாக் கிடக்குதாம், பக்கத்தில ஸ்ட்ரெச்சரோட ஆக்கள் நிக்கினமாம். இஞ்ச அடிச்சு அடிச்சுப் பாத்திருக்கிறார், லைனே இல்லை. வீட்டில ஆளில்லையெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போட்டினம் எண்டு யோசிச்சு, கனடாவுக்கு எடுத்து அழுதிருக்கிறார். கனடா எங்களுக்கு எடுக்கேக்க, முடிஞ்சுது எண்டு சொல்லிச்சினம்.”

“நான் காலமையில இருந்து ஃபோனுக்கு முன்னாலதான் இருக்கிறன், அண்ணை. அது அடிக்கவே இல்லை.”

அவர் எழுந்து ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரைக்கும் நடந்தார். குனிந்தார்.

“இதை ஆர் கழட்டினது?”

“நான்தான். அது இன்ரநெற்றுக்குத்தானே.”

“ஃபோனும் இதுக்குள்ளாலதான் வருது, தங்கச்சி.”

“அப்ப ஏன் இரண்டு வயர்?”

 அண்ணை வயரைத் திரும்பச் செருகினார். தன்னுடைய கைத்தொலைபேசியில் கணவரின் நம்பரை அழுத்தினார். அதை அவர் நிறுத்தி வைத்திருந்தார். மோடத்தில் பச்சை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மற்ற வெளிச்சம் துடிக்காமல் ஒரே சீராக எரிந்தால்தான் இணையம் வந்ததாக அர்த்தம். மூன்று பேரும் அதற்கு முன்னால் நிலத்தில் இருந்து அதையே பார்த்தோம். அக்காவின் விரல் இன்னும் செபமாலையில் இருந்தது.

பக்கம் திறந்தது. ஒரு கீற்று வானம். இன்னொரு கீற்று. பிறகு சக்கரங்கள். வானத்துக்குக் கீழே நேராகச் சக்கரங்கள் வந்ததும் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குக் கீழே சேற்றில் புதைந்த கூரை. எங்கள் நம்பர். பக்கத்தில் முதலுதவிக்காரர் இருவர். ஸ்ட்ரெச்சர் விரித்தபடி புல்லில் கிடந்தது. அவர்களில் ஒருவர் கையில் ரொட்டிக்குள் வைத்த தொத்திறைச்சி. ஆள் சாகக் கிடந்தால் இவர் இதைச் சாப்பிடுவாரா? எனக்குக் குழப்பமாக இருந்தது. படத்தின் கீழே இருந்த எழுத்தை அண்ணை கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்.

“சம்ஸ்டாக் எண்டு போட்டிருக்கு.”

“சனிக்கிழமையோ?” என்றார் அக்கா.

“ஓம். நேற்று.”

“நேற்று அவர் இஞ்ச இருந்து புட்டுச் சாப்பிட்டவர், அக்கா” என்றேன்.

“வடிவாச் சாப்பிட்டவரோ?”

“ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர்.”

“அப்ப நேற்று ஒண்டும் நடக்கேல்லை” என்று அக்கா என் தோளில் தட்டினார். நான் அழுதுகொண்டு சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் அது உறைத்தது. நேற்றுப் பிரண்டு கிடந்துவிட்டு வந்துதான் சும்மா இடிபட்டது என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் இன்றைக்கு? அண்ணை ஞாயிற்றுக்கிழமை என்று இருந்த இடத்தை அழுத்தினார். அதில் ஒரு படமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கனடா. அக்காதான் எடுத்தார்.

“இல்லை, முடியேல்லை. நேற்று முடியேல்லை. இண்டைக்கு இன்னும் தெரியாது.”

அதற்குள் இன்னும் இரண்டு குடும்பம் வந்துவிட்டது. வந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருங்கோ என்றேன். இருந்தார்கள். எழுந்து போகச் சொல்லவும் முடியாது, அழச் சொல்லவும் முடியாது. ஒருவர் மெதுவாக, “இப்ப என்ன மாதிரி?” என்று கேட்டார். “பாத்துக்கொண்டிருக்கிறம்” என்றார் அண்ணை.

கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பியது.

அவர்தான். கையில் ஹெல்மெட், கழுத்துவரை காய்ந்த சேறு. வெளியே நிறைந்து கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்திருக்க வேண்டும். மேசையில் இருந்த சட்டிகளைப் பார்த்தார். கறுப்புக் காற்சட்டையைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

“ஆர்?” என்று கேட்டார்.

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன்.

“அம்மாவோ?” அவருடைய அம்மா மன்னாரில் இருந்தார். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இறங்கிவிட்டார்.

“இல்லைத் தம்பி” என்றார் அண்ணை. “நீர்தான்.”

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பாரிஸ், கனடா, வயர், சனிக்கிழமை என்று கத்தி விளங்கப்படுத்தினார்கள். யாரோ சிரிக்கத் தொடங்க, அக்கா அவரை ஏசினார். பிறகு எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். சமைத்ததை என்ன செய்வது? கணவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நிலத்தில் இருந்தார்.

“நீரும் நம்பினீரோ?”

“ஓம்.”

“அந்தப் படத்தைப் பாத்தோ?”

“இல்லை. கத்தரிக்காயைப் பாத்து.”

அவர் சிரிக்கவில்லை. “நேற்றுச் சொல்லியிருந்தால் இண்டைக்கு விட்டிருக்க மாட்டீர்” என்றார்.

“விட்டிருக்க மாட்டன்.”

“அதுதான்.”

அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் அவர் திரும்பப் போனார். விட மாட்டேன் என்று ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பிறகு, என்னையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் விடுகிறேன் என்றேன். வீட்டில் இருந்து யோசிக்கிறதை விட நேரில் பார்ப்பது நல்லது என்று அக்கா சொல்லியிருந்தார். வயலோரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடி அசைந்ததும் எல்லாக் கார்களும் ஒரே முழக்கமாகப் புறப்பட்டன. ஏதோ ஒன்று பிரண்டது. கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது எல்லாமே ஒரே சேற்று நிறம். ஒன்றிலும் நம்பர் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சனம் எல்லாம் கைதட்டியது. யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் நானும் தட்டினேன்.