ட்வைலாவின் ஆடும் வீடு

குளிர்காலத்துக்கு எங்கள் குவார்ட்சைட் பாலைவனத்தில் வந்து இறங்குகிற கிழடுகளில் யாரிடம் வேண்டுமானாலும் வம்பு வளர்க்கலாம். ட்வைலாவிடம் மட்டும் "புது டிரெய்லரா?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

புதிதுதான். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், இருந்த வீட்டை விற்று வாங்கிய, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீடு. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன்; கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. அன்றைய கணக்குக்கு இத்தனை வண்டி என்று அடித்துத் தள்ளிவிட்டு மதியமே வீட்டுக்குப் போகிற தொழிற்சாலை. அவசரத்தில் என்னவெல்லாம் விட்டுப்போகுமோ அத்தனையும் ட்வைலாவின் தலையில் விடிந்தது.

முதல் மழையில் கூரை ஒழுகி நேராக அவள் நெற்றியில் சொட்டியது. ஜன்னலைத் திறந்தால் ஜன்னல் கையோடு வந்தது. கழிப்பறையில் அழுத்தினால் ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது. பாத்திரம் கழுவுகிற குழாயிலோ பச்சைத் தண்ணீர். அடுப்புக்குப் போகிற கேஸ் குழாயின் மரையைக் கையாலேயே கழற்ற முடிந்தது. அடியில் படுத்துப் பார்த்தபோது, பிரேக்குக்குப் போகிற ஒயர் எதிலும் சேராமல் தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்குப் போன் போடுவாள். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு எங்களை எல்லாம் நாற்காலியோடு வரச் சொல்வாள்.

"மேடம், அது நார்மல்தான்" என்பான் அந்தப் பக்கத்துப் பையன்.

"எதுப்பா நார்மல்? கக்கூஸ்ல வெந்நீர் வர்றதா? உங்க வீட்டுல அப்படித்தானா? பாவம்ப்பா நீ, பாத்து உக்காரு."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவள் போனை வைத்துவிட்டு, ஒரு அட்டையை மண்ணில் விரித்து வண்டிக்கு அடியில் போய்விடுவாள். வெளியே தெரிவது இரண்டு கால்களும் கெட்ட வார்த்தைகளும்தான். திட்டித் திட்டியே ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள்.

அவள் புருஷன் ஆரின். ஒமாஹாவில் ஒரே ஜன்னலுள்ள கடையில் ஆயுசு முழுக்க முடி வெட்டியவன். அவனுக்கு இந்த வெட்டவெளியைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கே வருகிற எல்லாருக்கும் பிடிக்கிற அதே பைத்தியம்: கல். விடிந்ததும் சுத்தியலும் பையுமாகக் கிளம்பி, வரி வரியாக நிறம் ஓடிய கல், கல்லாகிப்போன மரத்துண்டு, உடைத்தால் உள்ளே பளபளக்கிற உருண்டை என்று சுமந்துகொண்டு வருவான்.

ட்வைலா முதல் மாதமே சொல்லிவிட்டாள்: "ஆரின், வீட்டுக்குள்ள கல்லு வந்தா நீ வெளிய."

ஆகவே கல் ரகசியமாக வந்தது. அவள் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து, பின்பக்கக் கட்டிலைத் தூக்கி அடிப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ட்வைலாவைத் தவிர ஊருக்கே தெரியும். நாங்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் கட்டிலுக்கு அடியிலும் அதேதானே இருந்தது!

வினை வந்தது ஜனவரியில். டிரெய்லரை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊரான பார்க்கருக்குப் போய்த் திரும்பிய ட்வைலா, வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன்.

"ஆடுச்சு வெர்ன். லாரி ஒண்ணு எங்களத் தாண்டுச்சு பாரு, வாலு அந்தப் பக்கம் போகுது, தலை இந்தப் பக்கம் போகுது. நான் புடிக்கப் புடிக்க அதிகமாகுது. பனியில புள்ளைங்கள ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டினவ நான். அப்பல்லாம் பயந்ததே இல்ல. இப்ப ஸ்டியரிங்க விட முடியல."

ஆரின் பக்கத்து இருக்கையில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய் இருந்தான்.

எல்லாரும் வண்டிக்கு அடியில் தலையை விட்டோம். டயர் என்றான் ஒருவன், ஸ்பிரிங் என்றான் இன்னொருவன். கம்பெனிக்காரன் அச்சையே கோணலாக மாட்டியிருப்பான் என்றேன் நான். இத்தனை குற்றம் செய்தவன் இதையும் செய்திருக்க மாட்டானா? கட்டிலைத் தூக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ட்வைலா முடிவெடுத்துவிட்டாள். "ஒழுகுச்சு, அடைச்சேன். தொங்குச்சு, முறுக்கினேன். ஆனா உயிருக்கு வந்தா ஒத்துக்க மாட்டேன். வித்துட்டு ஒமாஹாவுக்குப் போறோம். மக வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஃபிளாட் காலியா இருக்காம்."

அன்று சாயங்காலம் ஆரின் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஃபிளாட்டுய்யா. திரும்பவும் ஒரே ஜன்னல்" என்றான். அவன் போய்விட்டால் இந்தப் பாலைவனத்தில் நான் யாரோடு சண்டை போடுவது?

வாங்க வந்தவன் கோல்பி என்கிற இளவட்டம். நல்ல ஆகிருதி. பெரிய பிக்கப் வண்டி, கூடவே மனைவி ஜெனா, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ட்வைலா ஒன்றையும் மறைக்கவில்லை. ஒழுகியது, கழன்றது, வெந்நீர் கொட்டியது என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "ரோட்டுல ஆடுது. ஏன்னு தெரியல. சொல்லாம வித்தா எனக்குத் தூக்கம் வராது."

"என் வண்டி பெருசு, அடக்கிரும். ஒரு ரவுண்டு இழுத்துப் பாக்கறேனே" என்றான் கோல்பி.

பிக்கப்பை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினான். டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கைத் தூக்குகிற மின்சார ஜாக்கி அந்த நேரம் பார்த்து உயிரை விட்டது. "இதுவுமா!" என்று கத்திவிட்டு, கையால் சுற்றுகிற கைப்பிடியைத் தேடி ட்வைலா உள்ளே போனாள். இளரத்தம் காத்திருக்குமா? கோல்பி குனிந்து, மூக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டில் உட்கார வைத்துவிட்டான்.

"அட, பூ மாதிரி இருக்கே!" என்று சிரித்தான்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எந்த டிரெய்லரின் மூக்கும் பூ மாதிரி இருக்காது; இருந்தால் பாரமெல்லாம் வாலில் இருக்கிறது என்று அர்த்தம். வால் கனத்த வண்டி ரோட்டில் ஆடாமல் என்ன செய்யும்? நான் ஆரினைப் பார்த்தேன். பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வண்டி மறுபடி ஆடியிருக்கும், கோல்பி பயந்து திருப்பிக் கொண்டுவந்திருப்பான், விற்பனை நின்றிருக்கும், கல்லும் தப்பித்திருக்கும். அல்லது கோல்பி திரும்பியே வராமல் போயிருப்பான்.

ட்வைலா கைப்பிடியோடு வெளியே இறங்கும்போது ஜெனா குழந்தையைப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டாள். பிக்கப் நகர்ந்தது. ஆரின் ஓடினான். அந்த வயதில், அந்தச் செருப்போடு, அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"நிறுத்துப்பா! புள்ளய இறக்கு! பின்னாடி பூரா கல்லு! நான்தான் வச்சேன்!"

கைப்பிடியும் கையுமாக ட்வைலா அப்படியே நின்றாள். திட்டாத ட்வைலாவைப் பார்க்க எங்களுக்கே பயமாக இருந்தது. உள்ளே போய்க் கட்டிலைத் தூக்கினாள். பார்த்தாள். வெளியே வந்து ஒதுங்கி நின்றாள்.

கல்லை எல்லாருமாகச் சேர்ந்து இறக்கினோம். வந்துகொண்டே இருந்தது. மணலில் ஒரு சிறு குன்றே எழும்பிவிட்டது.

"ஹைவேல அன்னிக்கு நாம செத்திருப்போம். தெரியுமா, ஆரின்?"

"சத்தியமா இதாலதான்னு தோணல கண்ணு. இன்னிக்கு அவன் தூக்கினப்பத்தான் புரிஞ்சுது."

"கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு எப்படிக் கத்தினேன் நான்! அச்சு கோணல்னு!"

"அவனும் நார்மல்னுதானே சொன்னான்" என்று வாய்தவறி உளறினான் ஆரின். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் ட்வைலாவின் உதடு ஒரு பக்கம் துடித்ததைப் பார்த்தேன்.

கோல்பி மூக்கை மறுபடி தூக்கிப் பார்த்தான். முகம் சிவந்ததே தவிர மூக்கு இம்மியும் அசையவில்லை. கைப்பிடியைச் சுற்றித்தான் டிரெய்லரைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டாள் ட்வைலா. யாரையும் ஏற்றவில்லை. தனியாக ஹைவேக்குப் போனாள். ஆரின் கல் குன்றின் மேல் உட்கார்ந்து, அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனா பரிதாபப்பட்டுக் காப்பி கொடுத்தாள், அவன் குடிக்கவில்லை.

திரும்பி வந்தாள். இறங்கினாள். நேராகக் கோல்பியிடம் போனாள்.

"மன்னிச்சுக்கப்பா. விக்கல."

"ஆடுதா?"

"நூல் புடிச்ச மாதிரி போகுது! கம்பெனிக்காரன் கட்டினதுல மிச்சம் இருக்கறது சக்கரமும் பேரும்தான். மத்ததெல்லாம் என் கையால முறுக்கினது. சொந்தமா கட்டின வீட்ட எவளாவது விப்பாளா?"

ஆரின் எழுந்து நின்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்?

ட்வைலா அவன் பக்கம் திரும்பினாள். "கல்லு ஒண்ணே ஒண்ணு வச்சுக்க. வண்டி ஓடும்போது அது உன் மடியிலதான் இருக்கணும். கீழ வச்சேன்னா இறக்கி விட்டுட்டுப் போயிருவேன்."

ஏப்ரலில் வெயில் ஏறியதும் அவர்கள் வடக்கே கிளம்பினார்கள். நான் கையசைத்தேன். ஆரினால் திருப்பி அசைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப் பிடித்திருந்தான். மடையன், இருப்பதிலேயே பெரியதைப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான்.