டீக்குப் போட்ட காவல்

சாயங்காலம் ஷிப்டு முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தால், யார் என்று பார்க்கவே வேண்டாம். என் நண்பனின் மனைவிதான். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்ததும் ஒரே கேள்வி.

“அண்ணா, இன்னிக்கு எவ்ளோ குடிச்சாரு?”

ஸ்பீக்கரில் இதைக் கேட்டுவிட்ட புது சூப்பர்வைசர் ஒருவர் என் நண்பனைத் தனியே அழைத்துப் போய், குடியால் சீரழிந்த தன் சித்தப்பா கதையைச் சொல்லிப் புத்தி சொன்னார். அவள் கேட்டது தண்ணீரைப் பற்றி. வெறும் குடிதண்ணீர்.

என் நண்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். இளவட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். இப்போது அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் பூந்தமல்லியில் டயாலிசிஸ், மற்ற நாட்களில் வேலை. பிரஸ் மெஷினிலிருந்து எடுத்து, உட்கார்ந்தபடியே, அடித்த பீஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை என்பதால், மாத்திரைக்கும் டீக்கும் தாகத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. மீறினால் கால் வீங்கும், அப்புறம் நெஞ்சில் நீர் கோக்கும், மூச்சு முட்டும், ஆளே போய்விடலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த அறைக்குள் நான் போயிருக்கவே கூடாது. போனதால் எனக்கு இந்த உத்தியோகம் வந்து சேர்ந்தது. வீட்டில் அவள் காவல், கம்பெனியில் நான் காவல்.

காவல் காக்கப்படுகிறவனாவது கொஞ்சம் அடங்கி இருக்க வேண்டாமா? அவன் வீடு செம்பரம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, தண்ணீரைத் திறக்கப்போகிறார்கள் என்று ஆளாளுக்குப் போனைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தார்கள். இவன் மேஜையில் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்:

“ஏரிக்கு மதகு கீது மாமே, தொறந்து உட்றானுங்க. நம்ம மதகு துருப்புடிச்சி மூடிக்கிச்சி. அத்த எவன்கிட்ட போய் தொறக்கச் சொல்றது?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் ஒண்ணுக்குப் போய் மாசக்கணக்காகிறது, நையாண்டிக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கூட வேலை செய்கிறவர்கள் அவனை விட மோசம். நோயாளி என்றால் எதையாவது வாயில் ஊட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள். எங்கள் வெல்டர் ஒருநாள் இளநீரை வெட்டி ஸ்ட்ரா போட்டுக் கொண்டுவந்து, “சூட்டுக்கு நல்லது, குடி நைனா” என்று நீட்டினார். இளநீரில் இருக்கும் பொட்டாசியம் அவனுக்கு நெஞ்சையே நிறுத்திவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். வெல்டர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த இளநீரை யார் குடிப்பது என்று வேறு கேட்டார்கள்.

இத்தனை காவலுக்கும் பலன் இல்லை என்பதுதான் எரிச்சல். டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அங்கே இருக்கும் நர்ஸ் இவனைத் திட்டுவார், இவன் மனைவி எனக்குப் போன் போட்டு அழுவாள்.

“ஊட்ல நான் பாட்டில்ல அளந்து ஊத்தித் தர்றேண்ணா. அதுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கறதில்ல. அங்கதான் எங்கியோ டீ குடிக்கிறாரு. நீங்க கொஞ்சம் பாக்கக் கூடாதா?”

பார்க்கக் கூடாதா என்றால்? நான் பிரஸ் மெஷினைப் பார்ப்பதா, இவன் வாயைப் பார்ப்பதா? ஆனாலும் கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் மாஸ்டரிடம் சொல்லி வைத்தேன். “அண்ணாத்தே, அவனுக்கு டீ கெடையாது. கால்ல உழுந்து கேட்டாலும் கெடையாது.” அந்த ஏரியாவில் இருந்த மற்ற கடைகளுக்கும் நடந்து போய் இதையே சொன்னேன். எங்கள் கடை மாஸ்டர் எல்லாவற்றையும் அளவுக்கு மீறிச் செய்கிறவர். பிஸ்கட் கேட்டால்கூட இவனுக்குக் கொடுக்கவில்லை.

அவன் எதிரில் குடிக்க எங்களுக்கும் சங்கடமாக இருந்தது. அதனால் அவன் வந்து நின்றால் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, திருடிய டீயைக் குடிப்பதுபோல் மடக் மடக்கென்று விழுங்கினோம். கொஞ்ச நாளில் அவன் டீ நேரத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். மேஜையிலேயே தனியாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

எடை குறையவில்லை. ஒரு ராத்திரி படுத்தால் மூச்சு விட முடியாமல், எழுந்து உட்கார்ந்தபடியே திணறி, அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விடிந்ததும் ஆவடியில் என் வீட்டிலிருந்து நான் ஓடினேன். மெஷினில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு, வெளிய டீ குடிச்சியா?” என்று கேட்டாள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆமா, குடிச்சேன்” என்றான். சிரிப்பு, நையாண்டி எதுவும் இல்லை. செத்துத் தொலையப் போகிறானே என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அங்கேயே நர்ஸ் வந்து அடக்கும் அளவுக்குக் கத்தினேன்.

அடுத்த வாரம் ஷிப்டு முடிந்ததும் அவன் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே போனேன். என் வீடு ஒரு திசை, அவன் வீடு ஒரு திசை. வானகரம் நெரிசலில் லாரிகளுக்கு நடுவே புகையைக் குடித்துக்கொண்டு, இந்த வயதில் இப்படி ஒருத்தனைத் துப்பறிய வேண்டியிருக்கிறதே என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். நூம்பல் பக்கம் திரும்பி, புது ஃபிளாட் கட்டும் இடத்துக்கு எதிரே ஒரு சின்ன டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடி டம்ளரில் டீயை வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவன் வாயில் வைக்கவே இல்லை. சித்தாள்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் எனக்குத்தான் பொறுமை போய், எதிரே போய் நின்றேன். டீயில் ஆடை படிந்திருந்தது. 

“இன்னாடா இது?”

“குடிக்கல மாமே. சும்மா வாங்கி வச்சிகினு உக்காந்துகினு கீறேன். அங்க அல்லாரும் என் வாயவே பாக்கறீங்க. இங்க எவனுக்கும் எனக்கு ஒடம்பு செரியில்லன்னு தெரியாது.”

“அப்ப எங்கேர்ந்துடா அவ்ளோ தண்ணி ஏறுது?”

அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கூழு.”

தினமும் விடியற்காலையில் எழுந்து அவன் மனைவி கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர் ஊற்றி, ஒரு பெரிய சொம்பு நிறையக் கொடுக்கிறாள். புருஷனுக்குத் தெம்பு வரவேண்டுமாம். தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய மோர் மிளகாய். அந்த உப்புக்கு நாள் முழுக்கத் தாகம் எடுக்கும். பாட்டில் தண்ணீரைச் சொட்டு விடாமல் அளக்கிறவள் சொம்பை அளக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது சாப்பாடு. எனக்கும்தான் தோன்றவில்லையே! ஊரில் உள்ள டீக்கடை எல்லாம் சுற்றி வந்தவன், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவனோ கூழும் தண்ணீர்க் கணக்குதான் என்று நர்ஸிடம் எப்போதோ கேட்டுத் தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

“அறிவு கீதாடா உனக்கு? டீ குடிச்சேன்னு எதுக்குச் சொன்ன?”

“வேற இன்னா சொல்லச் சொல்ற? உன் கூழாலதான் மூச்சு நின்னுச்சுன்னா? எந்நேரமும் அழுதுகினே கீறா மாமே. அத்தக் கிண்டறப்ப மட்டுந்தான் அழுவறதில்ல.”

அவனை ஓங்கி ஓர் அறை விடக் கை துடித்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. “அண்ணா, இன்னிக்கு எவ்ளோ குடிச்சாரு?” அவன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். “ஒரு சொட்டு குடிக்கலம்மா. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றேன்” என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. போட்டு உடைத்துவிட்டேன். அவன் வெளியே போய் நின்றுகொண்டான். அவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. அடுப்புப் பக்கம் இருந்த சொம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கூழு சாப்பாடுதானேண்ணா?” என்று மட்டும் கேட்டாள். “ஆமாம்மா, அல்லாருக்கும் அது சாப்பாடுதான்” என்றேன்.

அடுத்த நாள் டீ நேரத்துக்கு அவன் கடைக்கு வந்தான். நான் மாஸ்டரிடம் தடையை நீக்கி, கால் டம்ளர் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அவன் கையில் துணி கட்டிய அந்தச் சொம்பு இருந்தது.

“உனக்குத்தான் குடுத்தனுப்ச்சா. காலைல எழுந்தா கூழு கிண்டாம கை நிக்கலியாம்.”

எனக்குக் கூழ் பிடிக்காது. அந்தப் புளித்த வாடையே ஆகாது, சின்ன வயதிலிருந்தே. ஆனால் வேறு வழி? எல்லோர் எதிரிலும் மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் குடித்தேன். அவன் தன் கால் டம்ளரை ஒரு மணி நேரம் குடிக்கிறவன்போல் உறிஞ்சிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் வேலைக்கு வரும் நாளெல்லாம் இதுதான் நடக்கிறது. அவன் எடை கட்டுக்குள் வந்திருக்கிறது. எனக்கு இடுப்பில் பேண்ட் ஏறவில்லை.

சாயங்காலம் நாங்கள் கை கழுவும்போது போன் அடிக்கிறது. என்னுடையது இல்லை, அவனுடையது. ஸ்பீக்கரில் போடுகிறான்.

“அண்ணா எவ்ளோ குடிச்சாரு?”

முதல் நாள் அவன் என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகப் பதில் சொன்னான்.

“எங்க குடிச்சான்? பாதியக் கீழ ஊத்திட்டான்.”

படுபாவி. கடைசிச் சொட்டு வரை குடித்து, சொம்பை நான் கழுவியே வைத்திருந்தேன்.