அக்காவின் தோலுக்குக் கீழே

"கெட்ட ரெத்தம் வெளியால போகத்தான் வேணும். நீ படிச்சு அத நிப்பாட்டப் போறியா புள்ள?" என்று மாமி ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது.

அக்காவுக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு, மேலே வெள்ளைச் செதில். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகுமுன் அம்மா தேங்காய்த் தும்பால் அதைத் தேய்த்துவிடுவார். செதில் உரிந்ததும் ஊசி குத்தியதுபோல் ரத்தப் பொட்டுகள் எழும். கெட்ட ரத்தம் கழிகிறதென்று அம்மா இன்னும் அழுத்தித் தேய்ப்பார். தேய்த்த இடமெல்லாம் மறுபடி தடித்துக்கொண்டு வரும்.

சுனாமி கடற்கரை வீட்டைக் கொண்டுபோனபின் முகாமில் இருந்தோம். அக்கா குளித்த குழாயடிக்கு மற்றப் பெண்கள் வர மறுத்தார்கள். அதனால் வாவிக்கு அப்பால், வவுணதீவில் மாமி வீட்டுக்குப் போனோம். யுத்தத்தால் அங்கே பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. மருந்துக்காக ஒருமுறை பட்டணம் புறப்பட்டோம். சென்றி என்ற இராணுவச் சோதனைச் சாவடியில் அக்காவின் சட்டைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். சிவந்த தடிப்பைச் சண்டைக் காயமென்று சந்தேகித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் நானும் வெயிலில் நின்றோம். பொழுதுபட்டுத்தான் விட்டார்கள். "இனி என்ன அங்கால கூப்பிடாதீங்க" என்றாள் அக்கா. யுத்தம் முடிந்தது, சென்றியும் போனது. அவள் மட்டும் வீட்டு வளவைத் தாண்டவில்லை. கேட்டால், "சென்றி போயிட்டு, என்ர சட்டக் கைக்குள்ள இருக்கிறது போகல்லயே" என்று சிரித்துப் பகிடி விடுவாள்.

தடிப்புக்கு அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக வளர்ந்து, முறுக்கிக்கொண்டு மேற்தோல்வரை ஏறுகின்றன என்று படித்தபோது எனக்கு அந்த ரத்தப் பொட்டுகள் விளங்கின. அந்தக் குழாய்கள் அழற்சிக்குத் தீனி போடுகின்றன. அவற்றின் வளர்ச்சியை அடக்கினால் தடிப்பும் அடங்குமா என்று ஆராய்கிறார்கள். விடுமுறையில் இதை அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப என்ர ரெத்தத்தில பிழையில்லையா?"

"இல்லக்கா. ரெத்தம் நல்லதுதான். அது ஓடுற குழாய்தான் கூடிப்போச்சு."

"அத அடக்க மருந்திருக்கா?"

"தேடுறாங்க. இப்ப இருக்கிற மருந்தையும் நீ இன்னும் போட்டுப் பாக்கல்லயே."

"நீங்க தேடி முடிக்கக்குள்ள நான் கிழவியாப் போயிருவன்" என்று சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதுகலை ஆய்வுக்கு அந்தக் குழாய்களையே தலைப்பாகக் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். புது மருந்து வரும்வரை அக்காவைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, இன்று விடியப் பஸ் ஏற்றி, பாலம் கடந்து கூட்டிவந்தேன். தோல் கிளினிக் வாங்குப் பலகையில் என் தோளில் சாய்ந்திருக்கிறாள். எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்.