சனிக்கிழமைக் காகங்கள்

பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பலில் தனியே இருக்கும் கோசலையக்காவை, புறநகரான பொண்டியில் இருக்கும் மகள்தான் போனிலேயே பறவைக் கணக்கெடுப்பில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மகளின் வரவு குறைந்துபோயிற்று. சனிக்கிழமைகளில் ஜன்னலுக்கு வரும் காகங்களை எண்ணி அனுப்புவது அக்காவின் வேலையாயிற்று.

ஒருநாள் கணக்கெடுப்புக்காரப் பெண் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

“உங்கள் ஜன்னலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காகம்? சாப்பாடு வைக்கிறீர்களா?”

தெரிந்த பிரெஞ்சில் அக்கா சொன்னார்: “ஓம், சனி விரதம். காகத்துக்கு வைக்காமல் நான் சாப்பிடுறேல்லை.”

“வைத்தால் கணக்குப் பிழையாகிவிடும். வைக்காமல் எண்ணுங்கள்.”

அடுத்த சனி அக்கா சோறு வைக்கவில்லை, போனோடு காத்திருந்தார். ஒரு காகம் வந்து அலகால் கண்ணாடியைத் தட்டியது. அக்கா போனைக் கட்டிலில் எறிந்தார்.

“நீயும் உன்ரை கணக்கும்! இந்த வீட்டை வந்து தட்டுறது இது ஒண்டுதான்.”

சோற்றை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தார்.