பெயர் எழுதாத முடிச்சு

கண்டி மஹய்யாவையில் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு வருஷம் வாடகைக்கு இருந்தவர் சோதிலிங்கம். சாவகச்சேரிக்காரர். கெலிஓயாப் பக்கம் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் மெக்கானிக். மனைவி லீலாதேவியும் மகளும் ஊரில். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம். கடிதம் வர இரண்டு மாதம் செல்லும். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஒரு தேத்தண்ணி, கண்டியில் அவருக்கு அதுதான் உறவு.

ஒருநாள் தொழிற்சாலைக்கு ஜப்பான் முறை வந்தது. மெஷின் உடைந்து நிற்கும்வரை காத்திராமல், சின்னக் கோளாறு கண்டதும் சிவப்பு அட்டையில் குறையையும் தன் பெயரையும் எழுதித் தொங்கவிட வேண்டும். கொழும்பிலிருந்து வந்த கனவான் ஒரு கிழமை தொண்டைத்தண்ணி வற்றக் கத்திவிட்டுப் போனார். ஒரு அட்டைகூடத் தொங்கவில்லை. எப்படித் தொங்கும்? பக்கத்தில் தைக்கும் பிள்ளையின் மெஷினில் தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டினால் மேலிடத்தில் கோள் சொன்னது போலாகாதா? மத்தியானம் அவளோடுதானே சோற்றுப் பொதியைப் பிரிக்க வேண்டும்! கோட்டுப் போட்டவருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?

சோதிலிங்கத்துக்கு விளங்கியது. வெட்டித் தள்ளிய துணியில் மஞ்சள் துண்டுகளாகப் பொறுக்கினார். சுகமில்லாத பிள்ளைக்கு நேர்த்தி வைத்துத் துணியில் காசு முடிவது நம்மவரிடமும் உண்டு, சிங்களவரிடமும் உண்டு. “மெஷினுக்குச் சுகமில்லையெண்டால் ஒரு முடிச்சுப் போடுங்கோ. காசும் வேண்டாம், பேரும் வேண்டாம்” என்று தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் சொன்னார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு முடிந்தார்கள். ஆறு மாதத்தில் மெஷின்கள் நிற்பது பாதியாகக் குறைந்தது. கேடயம் வாங்கியவர் மனேஜர். இவர் அந்த ஞாயிறு என்னிடம் ஒரு மணித்தியாலம் விடாமல் பேசினார், அவ்வளவுதான் கொண்டாட்டம்.

தொண்ணூற்றெட்டுத் தை மாதம் நகரத்தில் குண்டு வெடித்தது. மறு கிழமை அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைப் பார்த்துவிட்டுப் பொலிஸ்காரர் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரை அறிந்த ஒருவர் தன் பெயரும் அட்டை இலக்கமும் எழுதிக் கையெழுத்திட்டுக் கடிதம் தந்தால் விடலாம் என்றார்களாம்.

மூன்றாம் நாள் அவருடைய தொழிற்சாலையில் தைக்கும் பாயிஸா என்ற பெண், கையெழுத்தில்லாத கடிதத்தோடு என் வாசலில் நின்றாள்.

“எல்லாரும் அழுறாங்க அண்ணன். பேரு போடச் சொன்னாத்தான் பயப்படுறாங்க. நானும்தான். நீங்க மாநகர சபையில வேலை, உங்க பேரு எடுபடும்.”

“வச்சுட்டுப் போங்க. நாளைக்குப் பார்ப்போம்” என்றேன்.

நாளை பத்துத் தடவை வந்தது. கடிதம் அலுமாரிக்குள் கிடந்தது. எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள், வேலை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

பதினான்காம் நாள் அவர்களே சலித்துப்போய் அவரை வெளியே விட்டார்கள். தாடியோடு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

“என்ர தொழிற்சாலைப் பிள்ளையள் ஒரு கடிதம் எழுதினதாம். இங்க வந்ததோ?”

“வந்துச்சு. நான் கையெழுத்துப் போடல.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“ஓம், பயமாத்தான் இருந்திருக்கும். பேர் வேண்டாமெண்டு அதுகளுக்குப் பழக்கினதும் நான்தானே” என்றார்.

குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒன்பது மாதம் அதே சுவருக்கு அப்பால் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனக்கு மட்டும் தேத்தண்ணி ஆற்றும் சத்தம் எனக்குக் கேட்கும்.