நோன்பு மாதத்து இட்லி

எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. தினமும் காலையில் இன்சுலின் ஊசி, உடனே சாப்பாடு, நோன்பு கூடவே கூடாது என்று செங்கல்பட்டு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரமலான் வந்தது. வீடே நோன்பு. என் மனைவி ஜைனம்பு, வறண்ட உதட்டோடு எனக்கு மட்டும் இட்லி அவித்து வைத்தாள். அவள் எதிரில் சாப்பிட எனக்குக் கூசியது. ஊசியைப் போட்டுக்கொண்டேன். இட்லியைக் கொல்லையில் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, மாமல்லபுரம் கடைத்தெருவில் இருந்த என் வலைநூல் கடைக்குப் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்தது. நூல் வாங்க வந்த மீனவர் ஒருவர்தான் என்னை வீட்டுக்குத் தூக்கிவந்தாராம். கண் விழித்தபோது ஜைனம்பு சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு சாப்புடல?" என்று கேட்டாள்.

"நீ பட்டினியா கெடக்கறப்போ நான் எப்டி துன்றது?"

"நான் அல்லாவுக்காக கெடக்கறேன். நீங்க யாருக்காக சாவப் பாத்தீங்க?"

மறுநாளிலிருந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் தலை நிமிரவே மாட்டேன்.

அவள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நோன்பு மாதத்தில் இப்போது கூசுவதற்கு எதிரில் யாருமில்லை. இருந்தும் தட்டு காலியாகும்வரை என்னால் தலை நிமிர முடிவதில்லை.