அரை அடி ஏறிய தரை

அந்தக் கொத்தனாரை நினைத்தால் இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீடு பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில். அந்த ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் பாத்ரூமுக்குள் ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்ததும், தரையை அரை அடி உயர்த்தக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வீட்டில் நானும் என் அப்பா நைனாவும்தான். முந்தைய வருஷம் படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து, நைனாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தாழ்வாக உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால்தான் வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையே வைத்தோம். முதல் நாளே இதையெல்லாம் கொத்தனாரிடம் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்.

நான் பொன்னேரியில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். காலை பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது புது டைல்ஸ் பளபளத்தது. ஆனால் அந்த மனிதர் கோப்பையைக் கழற்றவே இல்லை. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சுற்றிலும் ஜல்லியையும் சிமெண்டையும் கொட்டி டைல்ஸ் ஒட்டியிருந்தார். பாதிக் கோப்பை தரைக்குள் புதைந்து கிடந்தது.

"இன்னாண்ணா இது, இவ்ளோ பள்ளமா கீது?"

"தரை ஏறினா அது எறங்கத்தாம்மா செய்யும். அரை அடிதானே? பழகிப்பூடும்."

"வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் நைனா. நானும் விட்டுத் தொலைத்தேன்.

இரண்டு வாரத்தில் நைனாவுக்கு நீர்க்கடுப்பு. உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார் என்றார் டாக்டர். காரணத்தை எதிர்வீட்டு அக்காதான் சொன்னாள். ஒரு மத்தியானம் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் கூப்பிட்டபடி இருந்திருக்கிறார். அக்காவின் புருஷன் ஓடிப்போய்த் தூக்கிவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போனால், திரும்பி வரும்வரை நைனா ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

"ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அத்தினி காத்துல கடலுக்குப் போயி வந்தவன், கக்கூஸ்லேர்ந்து எந்திரிக்க முடிலன்னா?"

நேராக டீக்கடைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த கொத்தனாரை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"உக்காருண்ணா."

"இன்னாம்மா, வெளாடறியா?"

"வேட்டியோடவே உக்காரு. கைய ஊணாம எந்திரி, பாக்கலாம்."

உட்கார்ந்தார். எழும்போது குழாயைப் பிடித்தார். குழாய் திறந்து வேட்டி நனைந்தது. நைனா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இத்த இப்ப பேத்தெடுக்க முடியாது. வேற ஆளப் பாத்துக்கோ" என்று அவர் போய்விட்டார்.

பொன்னேரியிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். "இத்தக் கழட்டி வச்சிட்டுல்ல தரைய ஏத்தணும்" என்றபடியே சுற்றிலும் மெதுவாகச் செதுக்கினார். கோப்பை உடையாமல் வந்தது. அடியில் குழாய் இணைப்பு விட்டுப்போய், அத்தனை நாள் கழிவுத் தண்ணீரும் ஜல்லிக்குள்ளேயே ஊறியிருந்தது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டினோம்.

பழைய குழாயின் மேல் ஒரு துண்டுக் குழாயை ஒட்டிப் புதுத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். குழியைக் காங்கிரீட்டால் நிரப்பிக் காயவிட்டார். பிறகு கோப்பையைச் சும்மா வைத்து, ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, திருகாணிக்கு அடையாளம் போட்டுத் துளைத்தார். இணைப்பை அடைத்து, கோப்பையை இறக்கி முடுக்கினார். மறுநாள் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். அடியில் ஒரு சொட்டு நீலம்கூடக் கசியவில்லை. அதுவரை நைனா நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியில், அடியில் வாளி வைத்துச் சமாளித்தார். இத்தனையும் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நைனா உள்ளே போய்த் தானாகவே எழுந்து வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் அதே கொத்தனார் பாத்ரூம் தரையை ஏற்றுவதாகக் கேள்விப்பட்டேன். அன்று லீவு சொல்லிவிட்டுப் போனேன். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு முட்டிவலி. அவரைக் கூட்டிவந்து எங்கள் பாத்ரூமைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, அவரோடு அந்த வீட்டுக்கே திரும்பிப் போனேன்.

"இன்னாம்மா, என் பொழப்புல மண்ண அள்ளிப் போடறியா?" என்றார் கொத்தனார்.

"கோப்பைய மொதல்ல கழட்டுண்ணா" என்றேன்.

கழற்றி வாசலில் கொண்டுவந்து வைக்கும்வரை அங்கேயே நின்றேன்.